சூளைக்குக் கொடுத்த காசு

அரிக்கமேடு

கஞ்சி குடிக்கிற ஒரு கிண்ணத்துக்கு ஆயிரம் ரூபாயா என்று வாய் பிளப்பவர்கள், இது நம் காலத்துக் கிறுக்கு என்றே நினைக்கிறார்கள். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்குப் போனால் அந்த நினைப்பு நிலைக்காது. அரிக்கமேட்டில் இன்று கண்ணில் படுவது மாமரமும் தென்னையும், 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய இல்லத்தின் செங்கல் சுவர்களும்தான். ஆற்றில் மீன் பிடிக்கிறவர்களுக்கு அந்த மேடு ஒதுங்க ஒரு நிழல். ஆனால் 1945-இல் அகழாய்வாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே குழி வெட்டியபோது, மது வந்த ஆம்போரா ஜாடிகளோடு இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புக் கிண்ணங்களின் உடைசல்களும் கிடைத்தன. சில்லுகளில் விபி, கமுரி, இட்டா என்று பட்டறை முத்திரைகள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே, ஊரில் குயவர்கள் இருக்கும்போதே, பெயர் பொறித்த கிண்ணத்தைக் கப்பலேற்றி வரவழைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அந்தச் சில்லுகளைப் பார்க்கப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத்தான் வரவேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாலும் அந்தச் சிவப்பின் பளபளப்பு குறையவில்லை. பார்க்கிறவர் அதைக் கைவினை என்றே நினைப்பார். உண்மையில் அரெஸ்ஸோ ஒரு தொழிற்சாலை ஊர். அச்சில் அழுத்தி, ஒரே அளவில், ஆயிரக்கணக்கில் செய்து, ரோமானியர் போன இடமெல்லாம் அனுப்பினார்கள். அந்த ஊர் முத்திரைகள் பலவற்றில் முதலாளியின் பெயரோடு அடிமைகளின் பெயர்களும் உண்டு. பிறந்த ஊரில் அது அன்றாடச் சரக்கு. கடல் கடந்து இறங்கிய இடத்தில் அது கௌரவம். களிமண் மாறவில்லை, வேலைப்பாடும் மாறவில்லை; தூரமும் பெயரும் விலையில் ஏறிக்கொண்டன. பெயர் போட்டவர் ஒருவர், மண்ணில் கை வைத்தவர் வேறொருவர் என்ற வழக்கமும் இன்றைய வடிவமைப்பாளர்கள் கண்டுபிடித்தது அல்ல.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. அரிக்கமேட்டில் கிடைத்த இன்னொரு வகை, உள்ளே சக்கரம் ஓடியதுபோல் புள்ளி வரிசைகள் பதிந்த மெல்லிய சாம்பல் நிறத் தட்டு. அதையும் மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்கு என்றே வீலர் கருதினார். பிற்காலத்தில் மண்ணைச் சோதித்தபோது அது இந்தத் துணைக்கண்டத்து மண் என்று தெரிந்தது. உள்ளூரிலும் அதைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். நல்ல வேலை என்றால் வெளிநாட்டு வேலையாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் தேர்ந்த அகழாய்வாளரையே ஏமாற்றியிருக்கிறது. கடையில் கிண்ணத்தைத் திருப்பி விலைச்சீட்டைப் பார்ப்பவரை அது விட்டுவைக்குமா?

வில்லியனூர்

புதுச்சேரிக்கு மேற்கே வில்லியனூர். திருக்காமீசுவரர் கோயில் தேர் ஓடுகிற வீதிகளைத் தாண்டினால் மண் வேலைக்காரர்களின் வீடுகள். இந்த ஊரின் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. இங்கிருக்கும் கலைஞர் முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. குதிரை, பிள்ளையார், விரல் உயரப் பொம்மைகள் என்று வாசலெங்கும் காய வைத்திருக்கிறார்கள். சக்கரத்தில் உட்கார்ந்திருப்பவரின் கையை அருகே நின்று பார்க்கவேண்டும். மண் உருண்டையை நடுவில் நிறுத்த அவருக்கு ஒரு மூச்சு போதும். கட்டைவிரல் உள்ளே இறங்க, மற்ற விரல்கள் வெளியே ஏற, கண்ணிமைப்பில் சுவர் எழும்பி விளிம்பு தானாக மடிகிறது. ஈரத் துணியை விளிம்பில் ஒருமுறை ஓட்டி, நூலால் அடியை அறுத்து, கிண்ணத்தை இரண்டு விரலில் தூக்கிப் பலகையில் வைக்கிறார். அடுத்த உருண்டை ஏற்கெனவே சக்கரத்தில் இருக்கிறது.

கைத்திறனுக்குத்தான் விலை என்று சொல்கிறவர்களை நான் இங்கே கூட்டிவர விரும்புவேன். இந்தக் கைக்கு என்ன குறை? ஸ்டூடியோவில் பத்து வருடம் பழகியவரும் இந்த வேகத்துக்கும் இந்த நேர்த்திக்கும் திணறுவார். ஆனால் இந்தக் கை செய்த அகல் சில ரூபாய்க்குப் போகிறது. சட்டிக்குக் கேட்கிற விலையிலும் பாதியைப் பேரத்தில் அடித்துவிடுகிறார்கள். ஆகவே நாம் கைக்குக் கொடுப்பதில்லை. கொடுத்திருந்தால் இந்தத் தெருவில் மாடிவீடுகள் நின்றிருக்கும். குயவரின் மண்ணை ஊரே ஓசி மண் என்று நினைப்பதும், சட்டி அடுப்படிச் சாமான், கிண்ணம் மேசைச் சாமான் என்று நாம் பிரித்து வைத்திருப்பதும் இதற்குக் காரணம். சாதியும் இதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விலை பேசுவது அரைப் பேச்சு.

ஆனால் வில்லியனூரின் நல்ல சட்டியை அந்த ஆயிரம் ரூபாய்க் கிண்ணத்தின் இடத்தில் வைக்க முடியுமா என்றால், முடியாது. இங்கே வைக்கோலும் மட்டையும் விறகும் போட்டுச் சுடுகிற சூடு ஆயிரம் டிகிரிக்குக் கீழேயே நின்றுவிடும். மண் இறுகும், ஆனால் நுண்துளைகள் மூடாது. தண்ணீர்ப் பானைக்கு அதுதான் வரம். கசிந்து ஆவியாகித்தான் பானை குளிர்கிறது. மீன் குழம்புச் சட்டிக்கும் அதனால் கெடுதல் இல்லை. எண்ணெயும் புளியும் ஏறி ஏறிப் பழகப் பழகத்தான் சட்டி ருசிக்கும். ஆனால் இன்று தயிர், நாளை ரசம், மறுநாள் பாயசம் என்று மாறி மாறி ஊற்றுகிற கிண்ணத்துக்கு அந்தத் துளைகளே பகை. தெருமுனைக் கூழ்க்கடைக்காரம்மாவுக்கு இது பாடம் படிக்காமலே தெரிந்திருக்கிறது. கம்பங்கூழ் இருப்பது மண்பானையில். மோர்மிளகாயோடு குடிக்கக் கொடுப்பது எவர்சில்வர் சொம்பில்.

புதுச்சேரி

அடுத்த நிறுத்தம் நகருக்குள்ளேயே. 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். மீக்கர் கட்டடக்கலையும் மண்கலையும் படித்தவர். ஸ்மித் ஜப்பானில் தொழில் பழகியவர். பக்கத்து ஊர் ஆட்களைச் சேர்த்து, உள்நாட்டு மண்ணையும் தாதுக்களையும் கொண்டே கலவை கண்டு, விறகுச் சூளையில் அதிகச் சூட்டில் சுட்டார்கள். இன்று இந்தியாவில் ஸ்டூடியோ மண்பாண்டம் செய்கிறவர்களில் எத்தனையோ பேர் அங்கே படித்தவர்கள், அல்லது அங்கே படித்தவர்களிடம் படித்தவர்கள். அங்கே வேலை பழகியவர்களும் பார்த்துக் கற்றவர்களும் தனிப் பட்டறை போட்டதில், ‘பாண்டிச்சேரி பாட்டரி’ என்பது ஒரு பட்டறையின் பெயராக இல்லாமல் ஒரு வட்டாரத்தின் சரக்காகவே ஆகிவிட்டது.

அதிகச் சூடு என்றால் என்ன என்பதில்தான் விலையின் நியாயமான பாதி இருக்கிறது. ஸ்டோன்வேர் என்கிற இந்த வகைப் பாண்டம் ஏறத்தாழ 1,200 டிகிரியிலிருந்து 1,300 டிகிரி வரை வேகிறது. அந்தச் சூட்டில் மண்ணிலுள்ள ஃபெல்ஸ்பார் உருகி, துளைகளை அடைத்து, உடம்பு முழுக்கக் கண்ணாடியும் கல்லும் கலந்த ஒன்றாகிறது. மேலே பூசிய கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சும் உடம்போடு சேர்ந்தே உருகுவதால் உரிந்து வராது. புளியும் எலுமிச்சையும் அதை ஒன்றும் செய்யாது. குறைந்த சூட்டில் பளபளப்பு வரவைக்க ஈயம் சேர்க்கிற பழைய வழிக்கும் இங்கே அவசியமில்லை. நம் பாட்டிமார்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஆவக்காயும் நார்த்தங்காயும் கிடந்த பழுப்பும் வெள்ளையுமான ஜாடி இதே இனம்தான். உப்பும் புளிப்பும் வருடக்கணக்கில் ஊறியும் அது அசையவில்லை. யாரும் அதை டிசைனர் ஜாடி என்று சொல்லவுமில்லை.

பெரும்பாலும் கிண்ணத்தை இரண்டு முறை சுடுகிறார்கள். முதல் சூட்டுக்கு முன்பே, காய்கையில், சில விளிம்பில் விரிந்துவிடும். ஈர மண்ணிலிருந்து வெந்த கிண்ணம் வரை அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே சுருங்கும். சுருக்கம் ஒரு பக்கம் கூடினால் வாய் கோணும். இரண்டாம் சூட்டில் கிளேஸ் கொஞ்சம் தடித்துவிட்டால் வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அடிவளையத்தில் மட்டும் கிளேஸ் இல்லாமல் மண் தெரிவது அலங்காரம் அல்ல. அங்கே பூசினால் கிண்ணத்தைத் தட்டிலிருந்து உடைத்துத்தான் எடுக்கவேண்டும். காற்றைக் குறைத்துப் புகையடைத்துச் சுட்டால் கிளேஸிலுள்ள ஒன்றிரண்டு சதவீத இரும்பு இளம்பச்சையாகும், இரும்பு கூடினால் கறுப்பும் பழுப்பும் வரும். ஆனால் சூளைக்குள் எந்த மூலையில் எவ்வளவு காற்று என்பது முழுவதும் யார் கையிலும் இல்லை. கடைசி விறகு போட்ட பிறகும் உடனே திறக்கக் கூடாது. குளிர்காற்று பட்டால் மொத்தமும் விரியும். கடையில் நிற்கிற கிண்ணம், உடைந்துபோன தன் கூட்டாளிகளின் செலவையும் சுமந்துகொண்டுதான் நிற்கிறது.

மீக்கர் 1980-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் செய்த ஒரு சோதனை இந்த இடத்தில் நினைவில் வைக்கத்தக்கது. பச்சை மண் செங்கல்லால் வீட்டைக் கட்டி, வீட்டையே சூளையாக்கி உள்ளே நெருப்பு வைத்தார். வீட்டுக்குள் அடுக்கிச் சுட்ட சாமான்களை விற்று விறகுச் செலவை ஈடுகட்டுவது திட்டம். வீட்டுக்காரர்களிடையே அது பரவவில்லை என்பது வேறு. மண்ணின் கணக்கு எப்போதும் நெருப்பின் கணக்குதான் என்பதை அவர் வீடு கட்டியே காட்டினார்.

ஸ்மித் வழியாக வந்த ஜப்பான் தொடர்பு இன்னொரு கேள்வியைக் கிளப்புகிறது. யானாகி சோயெட்சு என்ற ஜப்பானியச் சிந்தனையாளர், பெயர் தெரியாத கைவினைஞர்கள் அன்றாடத்துக்காக நிறையச் செய்கிற மலிவான பாண்டத்தில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்று வாதாடினார். அவருடைய நண்பர் ஹமாதா ஷோஜி, மஷிகோ என்ற குயவர் ஊரில் போய்க் குடியேறி, தன் பாண்டத்தில் கையெழுத்திடுவதையே நிறுத்தினார். விளைவு? பாண்டம் வருகிற மரப்பெட்டியில் அவர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்கத் தொடங்கினார்கள். பெயரை மண்ணிலிருந்து எடுத்தால் அது பெட்டிக்கு நகர்கிறது. வாங்குகிறவனுக்குப் பெயர் வேண்டும், அதற்குச் செய்கிறவர் என்ன செய்வார்?

ஆரோவில்

வடக்கே ஆரோவில்லுக்குப் போகும் வழியெங்கும் செம்மண். இருபுறமும் முந்திரி, இடையிடையே 1968-க்குப் பிறகு அங்கே வந்தவர்கள் வளர்த்த காடு. குயிலாப்பாளையத்துக் கடைகளிலும் ஆரோவில்லின் விற்பனைக் கூடங்களிலும் கிண்ணங்கள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று இடம்விட்டு, மேலிருந்து விளக்குப் போட்டு நிற்கின்றன. ஊரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் இதைப் பார்த்தால் சரக்கு தீர்ந்துவிட்டதோ என்று கேட்பார். அங்கே அடுக்கு ஆளுயரத்துக்கு நிற்கும், எடுத்துத் தட்டிப் பார்த்து எடை போட்டு வாங்குவோம். இங்கே இடைவெளிக்கும் விளக்குக்கும் வாடகை உண்டு, அதுவும் சீட்டில் இருக்கிறது. இதே கிண்ணம் சென்னையில் ஒரு குளிரூட்டிய கடைக்குள் நுழைந்தால் விலை இன்னும் ஏறும். சூளைக்கு அதனால் ஒரு விறகும் கூடப்போவதில்லை.

இங்கே நல்ல கிண்ணமும் மோசமான கிண்ணமும் ஒரே பலகையில் ஒரே விலையில் நிற்கின்றன. உள்பக்கம் மணல்போல் சொரசொரப்பான கிளேஸ் இப்போது நாகரிகம். ஸ்பூனால் சாப்பிடுகிறவருக்கு அது கீச்சென்று பல் கூசும். விரலால் வழித்துச் சாப்பிடுகிற நமக்குத் தயிர் அதில் தங்கி, கழுவினாலும் போகாது. விளிம்பு வேண்டுமென்றே நெளிந்த கிண்ணத்திலிருந்து ரசத்தைக் குடித்துப் பார்த்தால் சட்டை சாட்சி சொல்லும். சில கிண்ணங்களைக் காலியாகத் தூக்கினாலே மணிக்கட்டு நோகிறது. இவை புகைப்படத்துக்காகச் செய்தவை. இவற்றுக்கு நூறு ரூபாயும் அதிகம் என்பது என் தீர்ப்பு. பக்கத்திலேயே, பட்டறைக்காரர் வருடக்கணக்காக மாற்றாமல் செய்து வருகிற ஒரு சாதாரணக் கிண்ணம் இருக்கும். யாரும் படம் எடுக்க மாட்டார்கள். அதைக் கையில் எடுத்தால் அடிவளையத்தில் விரல் நுனி சரியாகப் போய் நிற்கும். கொதிக்கிற ரசம் ஊற்றினாலும் அந்த வளையத்தைப் பிடித்துத் தூக்கலாம். எவர்சில்வர் கிண்ணத்தில் அது நடக்காது, கைத்துண்டு தேடவேண்டும். தட்டினால் சட்டியின் மந்தமான ஒலி வராமல் மணிபோல் நின்று ஒலிக்கும். கவிழ்த்து, கிளேஸ் இல்லாத வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் அது உறிஞ்சாமல் முத்தாக நிற்கும். உறிஞ்சினால் அது வேகாத கிண்ணம். யார் பெயர் போட்டிருந்தாலும் வைத்துவிட்டு வரலாம்.

அது கலை, அதைப் பாத்திரக்கடைத் தராசில் நிறுக்கலாமா என்று ஆட்சேபம் வரும். கலையென்றால் நானும் நிறுக்கமாட்டேன். சுவரில் மாட்டுகிற ஓவியத்தில் குழம்பு ஊற்ற முடியவில்லையே என்று யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் கிண்ணம் என்று பெயர் சொல்லி, சாப்பாட்டுக்கு உகந்தது, மைக்ரோவேவில் வைக்கலாம் என்று சீட்டும் ஒட்டி விற்றால், அது கிண்ணத்தின் பரீட்சைக்குத்தான் உட்கார வேண்டும். எவர்சில்வர் உடையாது, பேரன் காலம் வரை வரும், பழசானால் எடைக்கும் போகும், அதை விட்டு இதற்கு ஏன் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். கணக்குப்படி அது முழுக்கச் சரி. நம் சாப்பாடோ இலையிலும் தட்டிலும் நடப்பது. கிண்ணத்துக்கு அதில் கிடைப்பது தயிரும் ரசமும் பாயசமும் என்ற ஓர ஓரமான வேலைகள்தான். அதனால் ஆறுபேர் வீட்டுக்கு முழு செட்டையும் ஸ்டோன்வேராக வாங்குவது வீண். தினம் காலையில் ஒருவர் கஞ்சியோ ஓட்ஸோ குடிக்கிற ஒரே ஒரு கிண்ணம் என்றால் கணக்கு மாறுகிறது. சூடு தாங்கும், உலோக வாடை இல்லை, கைக்கு அடங்கும், வருடத்தில் முந்நூறு நாளாவது பயன்படும். அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் விருந்தாளிக்காகக் காத்திருக்கிற கிண்ணம்தான் எந்த விலையிலும் நஷ்டம்.

பண்ருட்டி வழியே விருத்தாசலம்

தென்மேற்கே திரும்பும் சாலையில் பண்ருட்டி வந்ததும் பலாப்பழ வாசனை வண்டிக்குள் ஏறிவிடுகிறது. சாலையோரத்தில் பழத்தை அறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்கள், எண்ணெய் தடவிய கையால் சுளையை எடுத்து வாழையிலைத் துண்டிலோ காகிதத்திலோ தருகிறார்கள். இந்த நிலத்துக்குக் கீழேதான் இந்தக் கதையின் மூலப்பொருள் கிடக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை வாரிக் கொட்டும்போது வெள்ளைக் களிமண்ணும் சேர்ந்து வந்தது. அதை நம்பித்தான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வந்தது. பீங்கான் தொழிலைக் கற்றுத்தரும் அரசுக் கல்வி நிலையமும் அங்கே இருக்கிறது. மணிமுத்தாற்றங்கரைக் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை.

இங்கே மின்கம்பத்து இன்சுலேட்டர்களும் பொம்மைகளும் செய்கிறார்கள். ஆரோவில்லின் விளக்குக்குக் கீழே நின்ற கிண்ணமும் இங்கே வைக்கோலுக்குள் அடுக்கிக் கிடக்கிற இன்சுலேட்டரும் வேதியியலில் நெருங்கிய உறவு. மண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், பெருஞ்சூடு. இன்சுலேட்டர் மழையிலும் வெயிலிலும் பல்லாண்டு நின்று மின்சாரம் கசியாமல் பார்த்துக்கொள்கிறது. அதற்கு நாம் யாரும் பெயர் கேட்டதில்லை. பெருஞ்சூடு என்பது பணக்காரச் சமாச்சாரம் அல்ல என்பதற்கு இந்தத் தொழிற்பேட்டையே சாட்சி. உத்தரப்பிரதேசத்தின் குர்ஜாவிலிருந்து வந்து நம் ஊர் நடைபாதையில் குவிகிற கிண்ணங்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அவற்றிலும் நன்றாக வெந்தவை உண்டு. தண்ணீர்ச் சொட்டுப் பரீட்சையில் தேறுகிற நடைபாதைக் கிண்ணம், தேறாத ஆயிரம் ரூபாய்க் கிண்ணத்தைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியானால் பட்டறைக்காரருக்குக் கூடுதலாகக் கொடுப்பது எதற்கு? அச்சிலும் இயந்திரத்திலும் பிறந்த கிண்ணத்தின் சுவர் அடியிலிருந்து விளிம்பு வரை பெரும்பாலும் ஒரே தடிமன். சூடும் அழுக்கும் தாங்கும், ஆனால் கையில் வைத்தால் கட்டை. வனைகிறவர் அடியில் கொஞ்சம் கனம் விட்டு, மேலே போகப்போக மெலிய விட்டு, உதடு படுகிற இடத்தை மட்டும் மறுபடி உருட்டி எடுப்பார். வில்லியனூர்க்காரர் ஈரத் துணியை விளிம்பில் ஓட்டியது இந்த வேலைதான். அந்தக் கைக்கும் இந்தச் சூளைக்கும் சேர்த்து, நடைபாதை விலையைப்போல் மூன்று நான்கு மடங்கு கொடுப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. அதற்கு மேலே ஏறுகிற ஒவ்வொரு நூறும் விளக்குக்கும் பெயருக்கும் போகிறது. கொடுக்க விருப்பமுள்ளவர் தெரிந்து கொடுக்கலாம்.

வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. விலையைவிட அதில் நிறையத் தெரிந்துவிடும். இதில் ஒன்று உடைந்தால் அடுத்த வருடம் இதே கிண்ணம் கிடைக்குமா? பட்டறைச் சரக்கென்றால், கிடைக்கும், பச்சை மட்டும் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கலாம் என்று பதில் வரும். வடிவமைப்பாளரின் பருவத் தொகுப்பு என்றால், இது போனால் போனதுதான், அதனால்தான் இந்த விலை என்பார்கள். பீங்கான் கட்டாயம் ஒருநாள் கைதவறும். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த நாள் சீக்கிரமே வரும். மறுபடி செய்ய மாட்டேன் என்பதையே பெருமையாகச் சொல்லி விற்கிற கிண்ணத்தை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.